பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலையா ரீமேப்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரின் எஞ்சின் கணினியை (ஈசியூ) ரீமேப் செய்வது, அதாவது அதிலுள்ள மென்பொருள் அட்டவணைகளை மாற்றி எழுதுவது, பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். லேப்டாப்பைச் செருகினால் பதினைந்து நிமிடத்தில் 30 சதவீதம் கூடுதல் சக்தி கிடைத்துவிடும் என்கிறது கட்டுரை. எந்த எஞ்சினுக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

டர்போ எஞ்சினில் 20 முதல் 30 சதவீதம் கிடைப்பது உண்மைதான். பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டினால் காற்று கூடும், அதற்கேற்ற எரிபொருளும் ஊற்றலாம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் அந்த வழி கிடையாது. இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரம்) கொஞ்சம் அட்வான்ஸ் செய்து, காற்று-எரிபொருள் கலவையைத் திருத்தி, 5 சதவீதம் பார்த்தாலே பெரிது. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கிவிடலாம்.

ஈசியூவில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்பது போலக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. இப்போதைய ஈசியூ, ஆக்சிலரேட்டரை மிதித்த அளவை முதலில் ஒரு டார்க் (முறுக்கு விசை) கோரிக்கையாக மாற்றிக்கொள்ளும். பிறகு புகை வரம்பு, கியர்பாக்ஸ் வரம்பு, வெப்ப வரம்பு என ஒவ்வோர் அட்டவணையாகப் பார்க்கும். இருப்பதிலேயே குறைந்த எண்ணைச் சொல்லும் அட்டவணையின் பேச்சுதான் எடுபடும். அதனால் பூஸ்டை மட்டும் ஏற்றினால் பாதி நேரம் ஒன்றும் நடக்காது. எல்லா வரம்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தினாலோ, காக்க வேண்டிய கட்டத்தில் எஞ்சினைக் காக்க எதுவும் இருக்காது.

இங்கே நடக்கும் ஒரு குறுக்குவழியை வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வரம்புகளை முறையாகத் திருத்தப் பொறுமையில்லாத டியூனர், எஞ்சின் தரும் டார்க்கைக் கணக்கிடும் அட்டவணையிலேயே கைவைப்பார். எஞ்சின் உண்மையில் 320 நியூட்டன் மீட்டர் தரும்போது ஈசியூ 250 என்றே நம்பும், அதையே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் சொல்லும். கியர்பாக்ஸ் தன் உள் கிளட்சுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த எண்ணை வைத்துத்தான். 250க்குப் போதுமான அழுத்தத்தோடு 320ஐத் தாங்கினால் கிளட்ச் தட்டுகள் நழுவும், தேயும், கருகும். முதல் சில மாதங்கள் வண்டி பறக்கும். பிறகு கியர் மாறும்போது உதறல் வரும். அப்போது பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

மேனுவல் காரில் கிளட்ச் நழுவுவதைக் கண்டுபிடிப்பது சுலபம். போக்குவரத்து இல்லாத இடத்தில், நான்காவது அல்லது ஐந்தாவது கியரில், 1,800 ஆர்பிஎம் அளவில் முழுதாக மிதிக்க வேண்டும். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் நழுவுகிறது. இந்தச் சோதனையை ரீமேப்புக்கு முன்பே செய்ய வேண்டும். பழைய டார்க்கையே தாங்காத கிளட்ச் புதியதைத் தாங்காது.

முன்சோதனை அதோடு முடியாது. ஈசியூவில் ஃபால்ட் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) எதுவும் இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் ஃப்யூயல் டிரிம் (எரிபொருள் அளவில் ஈசியூ தானாகச் செய்யும் திருத்தம்) கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் காற்றுக் கசிவோ, அழுக்கேறிய சென்சாரோ இருக்கிறது என்று பொருள். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலும் அதிக பூஸ்டில் அது பிளந்துகொள்ளும். P0299 என்ற குறை-பூஸ்ட் கோடு வரும், வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். நோயுள்ள எஞ்சினுக்கு ரீமேப் மருந்தாகாது.

புதிய மென்பொருள் ஃபைலை ஈசியூவில் எழுதும்போது நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை பேட்டரியால் வருபவை. எழுதும் நேரம் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம்வரை போகலாம். இக்னிஷன் ஆனில் இருக்கும், சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். நடுவில் மின்னழுத்தம் சரிந்தால் ஈசியூ பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிறகு ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் மீட்க வேண்டும். எனவே 13.5 வோல்ட்டை நிலையாகத் தரும் பவர் சப்ளையைப் பேட்டரியில் இணைத்தே தொடங்க வேண்டும். சாதாரண சார்ஜர் இதற்கு உதவாது. ஹெட்லைட், ஏசி, ரேடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

டீசலில் சோம்பேறி ரீமேப் என்பது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிவிடுவது. அதற்குத் தகுந்த காற்று இல்லாவிட்டால் கரும்புகை வரும், எக்ஸாஸ்டில் புகைத்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். எரிதல் தாமதமாக முடிவதால் வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். டர்போவுக்கு முன்னால் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் டர்பைன், மேனிஃபோல்ட், பிஸ்டன் மூன்றுக்கும் ஆபத்து. இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருளின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரை ஏமாற்றும் 'டியூனிங் பாக்ஸ்' இதைவிட மோசம். அழுத்தம் கூடியிருப்பதே ஈசியூவுக்குத் தெரியாது.

பெட்ரோலில் எதிரி நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது. 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு 91 போட்டால், நாக் சென்சார் சொன்னபடி ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கிடைத்த சக்தி போய்விடும், எக்ஸாஸ்ட் வெப்பமும் கூடும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சினில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கொட்டினால், ஸ்பார்க் விழும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு வரக்கூடும். ஒரு சில தடவையிலேயே பிஸ்டன் வளையத் தடம் உடைந்துவிடலாம். ஏபிஐ எஸ்பி தர ஆயில் (2020இல் வந்தது) அந்த அபாயத்தைக் குறைக்கும், நீக்காது. பூஸ்ட் கூடியபின் ஸ்பார்க் தாவ முடியாமல் மிஸ்ஃபயர் ஆனால், பிளக் இடைவெளியை 0.8 மில்லிமீட்டரிலிருந்து 0.65 அளவுக்குக் குறைப்பது வழக்கம்.

எழுதி முடித்ததும் சாவியைக் கொடுத்துவிடும் டியூனரிடம் போகாதீர்கள். டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) 2,000 ஆர்பிஎம்மிலிருந்து சிவப்புக் கோடுவரை இழுத்து, பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கேட்ட பூஸ்டுக்கும் வந்த பூஸ்டுக்கும் இடைவெளி 0.15 பாரைத் தாண்டினாலோ, நாக்கால் டைமிங் தொடர்ந்து 3, 4 டிகிரி பின்னே போனாலோ மேப்பைத் திருத்த வேண்டும்.

"மென்பொருள்தானே, புகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கட்டுரை கேட்கிறது. 2015இல் வெளிவந்த ஃபோக்ஸ்வேகன் டீசல் விவகாரம் (புகைச் சோதனையை மென்பொருளால் ஏமாற்றியது) முழுக்க முழுக்க ஈசியூ மென்பொருள் விவகாரம்தான். உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள் அதில் சிக்கின. ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் அமைப்பு), டிபிஎஃப் இவற்றை மென்பொருளில் அணைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். ரீமேப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஃபைல் எத்தனை முறை எழுதப்பட்டது என்று சில ஈசியூக்கள் எண்ணிக்கையும் வைத்திருக்கும், வாரன்டி கேட்கும்போது அது தெரியவரும்.

இன்னொன்று. சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால் ரீமேப் அழியும். அதன்மேல் பழைய மேப்பை அப்படியே எழுதக் கூடாது, மென்பொருள் பதிப்பு மாறியிருக்கும். காரின் மூல ஃபைலை ஈசியூ எண், பதிப்பு எண்ணோடு டியூனரிடமிருந்து கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்னணுத் துறையில் உள்ள ஒரு வாசகர்