மூட்டையை இறக்கி வைக்கச் சொன்னவர்களுக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து நூலகர் அம்மாவுக்கும், பஸ் ஸ்டாப் டீக்கடை அண்ணனுக்கும், என் மச்சானுக்கும், வீட்டுக்காரிக்கும், 1902-இல் ஒரு குகைக்குக் கேள்விகளோடு போன ரெவின்யூ இலாகா ஊழியர் ஒருவருக்கும் இந்த மடல். கடைசியாகச் சொன்னவர் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு நன்றி சொல்ல மனசு வரவில்லை.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவன் நான். அப்பா நாலு தறியில் ஆரம்பித்தார், நான் பன்னிரண்டாக்கினேன். கூலி நெசவுதான். பாவும் ஊடை நூலும் கொடுப்பார்கள், துணியாக்கிக் கொடுத்தால் கூலி. கூலி ஏறவில்லை, கரண்ட் பில் ஏறியது. கடைசியில் தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டேன். லாரியில் ஏற்ற வசதியாக, அப்பா வாங்கிய முதல் தறியைக் கேஸ் கட்டர் வைத்து இரண்டாக அறுத்தார்கள். அன்றிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து பழைய கணக்கு நோட்டைப் புரட்டுவேன். எந்த மாசம் எதை மாற்றிச் செய்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தேடுவேன். கடனைவிட இந்தத் தேடல்தான் ஆளைத் தின்றது.

நூலகர் அம்மா, நான் பேப்பர் படிக்க வந்தவன். உண்மையில் வீட்டில் உட்கார முடியாமல் வந்தவன். அப்பா கறுப்புச் சட்டைக்காரர், சாமி புத்தகம் எங்கள் வாசற்படி ஏறியதில்லை என்று நான் சொன்னதும், கண்ணதாசனின் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ முதல் பாகத்தை எடுத்து வைத்து, “இவரும் அந்தப் பக்கம் இருந்து வந்தவர்தானுங்க” என்றீர்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. பத்து பாகத்தில் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். படிக்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரு நாள், தேதி முத்திரை குத்திக்கொண்டே, ரமணரின் ‘நான் யார்?’ என்ற ஒல்லிப் புத்தகத்தை நீட்டினீர்கள். “டீ ஆறதுக்குள்ள முடிச்சர்லாமுங்கண்ணா.”

அப்படி முடிகிற புத்தகமா அது? சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அந்த ரெவின்யூ ஊழியர் திருவண்ணாமலை விருபாட்ச குகைக்குப் போனபோது ரமணருக்கு வயது 22. அப்போது அவர் பேசுவதில்லை. பிள்ளை கேட்கக் கேட்க, மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டியிருக்கிறார். அச்சில் வந்ததோ 1923-இல். மணலில் எழுதியது காற்றோடு போயிருக்க வேண்டியது. அதைப் பொத்திவைத்து நம் கைக்கு வரச் செய்தவர் ஆபீஸ் போய் வந்த ஒரு மனிதர். பிள்ளைவாள், உங்களுக்குக் கும்பிடு.

அதில் ஓரிடத்தில், கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை உட்கார்ந்து ஆராய்வதில் என்ன பயன் என்று வருகிறது. அவர் சொல்வது ஆன்மாவை மறைக்கிற தத்துவங்களை. எனக்கு ஞாபகம் வந்ததோ என் கணக்கு நோட்டு. தறிக்கு அடியில் சேர்கிற பஞ்சுத் தூசியை இருபது வருசம் சீமாறில் கூட்டியிருக்கிறேன். இது எந்த நூலில் இருந்து உதிர்ந்தது என்று ஒரு நாளாவது பார்த்திருப்பேனா?

இன்னோரிடத்தில் ரயில் வரும். எல்லாப் பாரத்தையும் ரயில் சுமக்கிறது, அதில் ஏறியவன் தன் சின்ன மூட்டையை மட்டும் தலையிலேயே வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்? இதை டீக்கடையில் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கடை அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “செரிங்க, அப்ப வட்டிய ஆரு கட்றது, ரயிலா?”

கடையே சிரித்தது. அண்ணா, அந்தக் கேள்விக்காகத்தான் உங்களுக்கு நன்றி. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால், புத்தகத்தைக் காட்டியே கடன்காரர்களுக்கு டிமிக்கி கொடுத்திருப்பேன். இறக்கி வைத்தாலும் மூட்டை என்னுடையதுதானே. மறுநாளே ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்த் தவணை பேசினேன். ஒருவர் திட்டினார். இரண்டு பேர் காபி கொடுத்தார்கள்.

மச்சான், “என்ன மாப்ள, காவி எப்ப?” என்று கேட்டுக்கொண்டே ஆட்டோ லூம் கம்பெனியில் ஃபிட்டர் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். பன்னிரண்டு தறி வைத்திருந்தவன் இன்னொருத்தர் தறிக்கு ஸ்பேனர் பிடிக்கிறானே என்று முதல் வாரம் கூசியது. அப்புறம் ஸ்பேனர் மட்டும் இருந்தது.

வீட்டுக்காரியைப் பற்றி நிறைய எழுதினால் திட்டுவாள். அடகுக்குப் போன சங்கிலியைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை. நோட்டை எரிக்கப் போனேன். பிடுங்கி அட்டாலியில் போட்டவள் அவள்தான். “எரிச்சாத்தான் மறக்குமாக்கும்” என்றாள். இப்போது ராத்திரி முழுக்கத் தூங்குகிறேன் என்று சொல்ல மாட்டேன். விழிப்பு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்கிறேன்.

நூலகர் அம்மா, என்னை ஏன் இப்போது அதிகம் காணவில்லை என்று வீட்டுக்காரியிடம் விசாரித்தீர்களாம். நூல்களை அளவில்லாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை, கற்றதையெல்லாம் ஒரு காலத்தில் மறக்க வேண்டிவரும் என்று நீங்கள் கொடுத்த அந்தப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. குற்றம் உங்களுடையதுதான்!

ஒரு விஷயம். ரயில் வருகிற பக்கத்தில் என் கட்டைவிரல் கிரீஸ் கறை பட்டுவிட்டது. சாக்பீஸ் தூள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அபராதம் எவ்வளவென்று சொல்லுங்கள், சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் வந்து கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய பன்னிரண்டு தறிக்காரன்