சனசமூக நிலையம்: 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி வாசிகசாலைக் கூரையில் பூட்டிய சோலாரையும் அதில் சார்ஜ் ஏற்றும் பற்றரி ஸ்கூட்டர்களையும் பற்றியது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆட்கள் நாங்கள். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகி, அதற்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அதனால்தான் பற்றரி ஸ்கூட்டர் என்றதும் இவ்வளவு பேர் கூட்டத்துக்கு வந்தார்கள்.

ஆவணிக் கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் தன் ஸ்கூட்டர் சீற்றைத் தூக்கிக் காட்டினார். முன்பு இருந்தது ஈய அமிலப் பற்றரி. தூக்கினால் இடுப்பு பிடிக்கும், ஒன்றரை வருடத்தில் இறங்கிவிட்டது, விற்ற கடையும் கைவிரித்துவிட்டது. இப்போது போட்டிருப்பது லிதியம் இரும்பு பொஸ்பேற். பாரம் குறைவு, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். உலகச் சந்தையில் 2010 இல் ஒரு கிலோவாற் மணி (ஒரு யூனிற்) மின்சாரம் கொள்ளும் லிதியம் பற்றரி ஆயிரம் டொலருக்கு மேல் விற்றது. 2024 இல் சராசரி 115 டொலர். நம்மைப் போன்றவர்கள் வாங்க யோசிப்பதற்கே இந்த இறக்கம்தான் காரணம்.

சரி, அந்தப் பற்றரிக்குள் போகும் மின்சாரம் எது? மதியத்தில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. ஆனால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை ஊரெல்லாம் லைற், மோட்டர் எல்லாம் ஓடும், வெயிலும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்கூட்டரைப் பிளக்கில் குத்தினால் பெற்றோலை விட்டுவிட்டு நிலக்கரியையும் டீசலையும் எரித்ததாகத்தான் ஆகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான மின் திட்டத்தில் சூரியனோடும் காற்றோடும் பற்றரியையும் சேர்த்திருப்பது, மிஞ்சும் மின்சாரத்தை இப்படியான நேரத்துக்குச் சேமிக்கத்தான்.

ஆகவே வாசிகசாலை விறாந்தையில் இரண்டு பிளக் வைத்தோம்: காலை 10 முதல் பிற்பகல் 3 வரை மட்டும். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் குறைப்பட்டார்கள், அது நியாயம்தான். அவர்கள் வீட்டில், ஊர்ப் பாவனை குறைந்த பின், இரவு 10.30க்குப் பிறகு ஏற்றும்படி கேட்டிருக்கிறோம்.

புதிய நிர்வாகம் பிளக்குகளுக்குத் தனி மீற்றர் பூட்ட வேண்டும். பழைய ஈயப் பற்றரிகளைக் கிணற்றடியில் போடாமல் சேர்த்து வைக்க ஓர் இடமும் வேண்டும். பின்பக்கக் கொட்டிலை அதற்குத் தரலாம் என்பது என் பிரேரணை.

செயலாளர்