செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடை விளையாட்டு, கலைவிழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது.

இந்த ஆண்டு நான் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை, ராயல் மிலிட்டரி கால்வாய் வரலாற்று நடை. இங்கிலாந்தின் கென்ட் கடலோர ஊரான ஹைத்தில் நம் பிள்ளைகள் வாத்துக்குத் தீனி போடுகிற இந்தத் தண்ணீர், நெப்போலியனைத் தடுக்க வெட்டியது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுப் படை கரையிறங்கினால் ரோம்னி சதுப்பு நிலத்தையே மூழ்கடிப்பது என்பதுதான் முதல் திட்டம். 1804-இல் லெப்டினன்ட் கர்னல் ஜான் பிரவுன் வந்து பார்த்துவிட்டு, அது சரிவராது, கால்வாய் வெட்டலாம் என்றார். நிலக்காரர்களிடம் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட் தாமே நேரில் பேசி இசைய வைத்தார். அக்டோபர் 30 அன்று ஹைத்துக்குப் பக்கத்திலுள்ள சீபுரூக்கில் வேலை தொடங்கியது. அடுத்த மே மாதம் வரை 6 மைல்தான் முடிந்திருந்தது. ஒப்பந்தக்காரர்களை நீக்கிவிட்டு ராணுவமே பொறுப்பேற்று, 1809-இல் முடித்தது. அங்கிருந்து மேற்கே கிளிஃப் எண்ட் வரை கால்வாயின் நீளம் 28 மைல்; செலவு 2,34,000 பவுண்டு.

வெட்டிய மண்ணை உள்நாட்டுப் பக்கம் அணையாகக் குவித்து, அதன் மறைவில் படை நகரச் சாலை போட்டார்கள். கால்வாய் ஆங்காங்கே வளைவதும் காரணத்தோடுதான்: வளைவில் பீரங்கி வைத்தால் அடுத்த வளைவு வரை நேராகச் சுடலாம். அந்த இடத்தில் நின்று இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சண்டையே நடக்காத கால்வாய்க்கு எதற்கு இத்தனை பாடு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 1940-இல் அதே கரையில் மறுபடி காவல் அரண்கள் கட்டினார்கள் ஐயா. சதுப்பு நிலத்தின் வடிகாலுக்கும் அது இன்றுவரை உதவுகிறது.

ஆனால் நான்கு நடைகளுக்கும் வந்தவை ஏழு குடும்பங்கள்தான். வருவதாகப் பெயர் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு போய், திருப்பி எடுத்து வந்தோம். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சந்தாவும் பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. மூன்று முறை நினைவூட்டிவிட்டேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். சிறு தொகை கையிருப்பு உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தலைவருக்கும், சமையலில் உதவிய சகோதரிகளுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அதே கால்வாய்க் கரையில் உள்ள ஆப்பிள்டோர் என்ற ஊரிலிருந்து நடக்க ஆசை. அதற்கு வேன் பிடிக்க வேண்டும்; சந்தா வந்தால்தான் பிடிக்க முடியும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். அப்போதும் நடைக்கு நான் வருவேன். பெயர் கொடுப்பவர்கள் தயவுசெய்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்