அறிக்கை யாருடைய கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கலியாணத்துக்கு முன் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அறிக்கையை விவாகப் பதிவாளரிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாம் பாதிதான் பயமுறுத்துகிறது.

போன வருடம் எங்கள் உறவில் ஒரு பெண்பிள்ளை தலசீமியாக் காவி, அதாவது அந்த நோயின் மரபணுவைச் சுமப்பவள், என்று தெரியவந்தது. எந்த வாயால் வெளியே போனதோ, ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு சாத்திரிமார் பார்த்துப் பொருத்தம் சொன்ன அதே சாதகம்! மாப்பிள்ளையின் இரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை.

காவி நோயாளி அல்லர். காவிகள் இருவர் மணந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்து வேறு. மரபணுவையே திருத்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். நமக்கு அது செய்தி மட்டுமே.

மட்டக்களப்பில் குடி, அதாவது தாய்வழிக் குலம், பார்த்துத்தான் சம்பந்தம் பேசுவோம். ஒரே குடிக்குள் கூடாது. தாய்மாமன் பிள்ளை வேறு குடி என்பதால் தாராளமாகச் செய்யலாம். குடி தாய்வழியை மட்டுமே எண்ணும், மரபணுவோ இரு வழியாலும் வரும். சொந்த மச்சானும் மச்சாளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். ஆகவே பரிசோதனை நமக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

ஆனால் சைப்பிரசைப் பாருங்கள். அங்கே மணம் முடிக்கத் தேவாலயம் கேட்கும் சான்றிதழில், பரிசோதித்து ஆலோசனையும் பெற்றார்கள் என்பது மட்டுமே இருக்கும். முடிவு அந்த இருவருக்கே. அப்படியிருந்தும் நோயோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே ஏறக்குறைய இல்லாமற் போனார்கள்.

நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. கிளினிக் வாங்கில் பத்துப் பேர் முன்னிலையில் பெயர் கூப்பிட்டு முடிவு சொல்லும் இடத்துக்கு அந்தச் சட்டம் எப்போது வந்து சேரும்?

சுனாமிக்குப் பின் கல்முனை ஆஸ்பத்திரியில் பெற்றோர் யாரென்று தெரியாமல் இருந்த 81ஆம் இலக்கக் குழந்தையின் பெற்றோர் யார் என்பதை 2005இல் மரபணுப் பரிசோதனை உறுதிப்படுத்தியபோது ஊரே அறிந்தது. அறியத்தான் வேண்டும், பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டுமே. காவி அறிக்கைக்கு ஊர் எதற்கு?

சம்பந்தம் பேசும் வயதுவரை காத்திராமல் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பரிசோதிக்கலாம். தமிழில் ஆறுதலாக விளக்க ஒருவர் வேண்டும். அறிக்கை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டுமே; அதிபரின் மேசைக்கு வரவே கூடாது. முப்பது வருடம் ஆசிரியர் அறையில் இருந்தவள் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தூரத்து ஊரொன்றில் பேசுகிறார்கள். காவி என்று மூச்சும் விடக்கூடாதென்று தாய் சொல்லிவைத்திருக்கிறாள். இந்த மாப்பிள்ளையின் இரத்தமும் பார்க்கப்படப் போவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.