ஏழாவது மனைவி நடத்திய பத்திரிகை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அமெரிக்காவின் மேற்கே உள்ள யூட்டாவின் மார்மன் பெண்களை (ஆண்கள் பல பெண்களை மணப்பதை அன்று ஏற்றிருந்த ஒரு கிறிஸ்தவ சபையினர்), பலதார மணத்தில் சிக்கி வாயில்லாப் பூச்சிகளாகக் கிடந்தவர்கள் என்று ஒரே வரியில் ஓரங்கட்டிவிட்டீர்கள். அவர்களில் ஒருவரான எம்மலின் வெல்ஸைத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

1828-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். அடுத்த ஆண்டே கைக்குழந்தை இறந்தது. வேலை தேடிப் போன கணவர் திரும்பவே இல்லை. தன்னைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்த ஒருவரின் பல மனைவிகளில் ஒருத்தியானார். அவரும் 1850-ல் இறந்துபோக, இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றார். 1852-ல் டேனியல் வெல்ஸுக்கு, தன்னை மணந்துகொள்ளும்படி இவரே கடிதம் எழுதினார். அப்படித்தான் ஏழாவது மனைவி ஆனார். மற்ற மனைவிகள் பெரிய வீட்டில் சேர்ந்து இருக்க, இவர் தனியாக ஒரு சின்ன வீட்டில். கணவரோ சால்ட் லேக் சிட்டியின் மேயர், சபையின் பெரிய தலை. எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

1877-ல் மார்மன் பெண்களின் ‘உமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1914-ல் அது நிற்கும்வரை அவரேதான் ஆசிரியர். குடும்பம், பழைய நினைவுகள் என்று நெகிழ்ச்சியாக எழுதும்போது ‘ஆன்ட் எம்’ என்று கையெழுத்து. பெண்ணுக்குப் படிப்பும் சம்பாத்தியமும் சொந்த புத்தியும் வேண்டும் என்று காரமாக எழுதும்போது ‘பிளான்ச் பீச்வுட்’. இரண்டும் ஒரே கைதான்! பத்திரிகையில் பலதார மணத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர், டைரியில் கணவரின் பாராமுகத்தை நினைத்துக் குமுறியிருக்கிறார். இதைப் போலித்தனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியாட்கள் முன்னால் குடும்பத்தை விட்டுக்கொடுக்காத பெண்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. யூட்டா பெண்கள் 1870-லேயே ஓட்டுப் போட்டவர்கள். பலதார மணத்தை ஒழிக்கிறோம் என்று 1887-ல் அந்த உரிமையைப் பறித்தது அமெரிக்க நாடாளுமன்றம்தான். ‘அடிமைப்பட்ட’ பெண்களைக் காப்பாற்ற அவர்களுடைய ஓட்டையே பிடுங்கிய நியாயத்தை என்னவென்று சொல்வது? 1879-லேயே வாஷிங்டன் போய், வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டு, அதிபர் ஹேய்ஸையும் சந்தித்து முறையிட்டவர் எம்மலின். வாக்குரிமைப் போராட்டத் தலைவி சூசன் அந்தோணிக்கு நெருங்கிய தோழி. அதுவரை மத்திய அரசின் ஆட்சிப்பகுதியாக இருந்த யூட்டா 1896-ல் மாநிலமானபோதுதான் ஓட்டு திரும்பக் கிடைத்தது.

அப்புறம் கோதுமை விஷயம். பஞ்சம் வந்தால் உதவும், பெண்களே தானியம் சேர்க்கட்டும் என்று சபைத் தலைவர் பிரிகாம் யங் 1876-ல் அந்தப் பொறுப்பை எம்மலினிடம் கொடுத்தார். ‘ரிலீஃப் சொசைட்டி’ என்ற அவர்களின் பெண்கள் சங்கம் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய கதிரைப் பொறுக்கியும் வீடு வீடாக வசூலித்தும் சொந்தக் களஞ்சியங்களில் நிரப்பியது. முதல் உலகப் போரின்போது, 1918-ல், அவர்கள் அமெரிக்க அரசுக்கு விற்றது 2 லட்சம் புஷலுக்கு மேல்; நம் கணக்கில் 5,000 டன்னைத் தாண்டும். மறு ஆண்டு அதிபர் வில்சன் சால்ட் லேக் சிட்டிக்கு வந்தபோது எம்மலினை நேரில் பார்த்து நன்றி சொன்னார்.

அந்தச் சங்கத்தின் தலைவியாக 1910-ல் பொறுப்பேற்றபோது எம்மலினுக்கு வயது 82. அவருக்கு முன்பு அடுத்தடுத்து மூன்று தலைவிகள் சாகும்வரை பதவியில் இருந்தவர்கள். இவரை மட்டும் 1921 ஏப்ரலில் விடுவித்தார்கள். அது அவரை மிகவும் பாதித்தது. அதே மாதம் 25-ம் தேதி காலமானார். வயதைக் காரணம் காட்டுவது நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவருடைய டைரிகள், மொத்தம் 47, இன்று இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. கட்டுரையாளருக்கு நேரமிருந்தால் 1874-ம் வருடத்து டைரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

– ஒரு வாசகி, மதுரை