ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி

சத்துவாச்சாரி,
பங்குனிக் கடைசி

டேய் குடியாத்தம்,

வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கேயும் அப்படியே. இத்தனை மாசம் பதில் போடாததுக்கு நீ சேத்து வச்சிருக்கிற திட்டையெல்லாம் உங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும்போது மொத்தமா வாங்கிக்கிறேன். இப்ப அவசரம். நேத்து ராத்திரி உன் தங்கச்சி நாலஞ்சு போட்டோ அனுப்பி, "அண்ணே, நெட்டு ஓடல, ஞாயித்துக்கிழமை பையன் ஃபார்மட் போடறேன்றான், போடலாமா?"ன்னு கேட்டுச்சு. போடக் கூடாது. ஃபார்மட்னா டிஸ்க்ல இருக்கிறதை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தறது. அந்தப் பென்டிரைவைப் பையன்கிட்டருந்து வாங்கி உப்பு ஜாடிக்குப் பின்னாடி வை. போன்ல சொன்னா பாதியிலேயே "சரி சரி"ன்னுட்டு வச்சிடுவே, அதனாலதான் இந்தக் கடிதாசி.

எல்லாரும் திரையில இருக்கிற சிவப்பு முக்கோணத்தையே பாத்திருக்கீங்க. வலது பக்கம் கீழ் மூலையைப் பாருடா. 01-01-2010. கரண்டு போய்ப் போய் வந்ததுல உன் கம்ப்யூட்டர் பதினஞ்சு வருஷத்துக்கு மேல பின்னால போயிருக்கு. மதர்போர்டுல நேரத்தைக் காப்பாத்தற சின்ன பேட்டரி செத்துப்போச்சு, அவ்வளவுதான். அது செத்தா, பிளக்கைப் பிடுங்கினதும் தேதி போர்டு பிறந்த காலத்துக்குத் திரும்பிடும். பேங்க்கோ நியூஸ் பேப்பரோ, பூட்டுக் குறி போட்ட எந்தத் தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல எழுதியிருக்கும். 2010-ல உக்காந்துகிட்டுப் பாத்தா எல்லாச் சான்றிதழும் இனிமே பிறக்கப்போற சான்றிதழ்தான். பிரவுசர் நம்பாது. அது தன் வேலையைச் சரியா செய்யுது. அதைப் போய் "அட்வான்ஸ்டு" அழுத்தி, "பரவாயில்லை, உள்ளே போ"ன்னு தினம் தாண்டறதா உன் தங்கச்சி சொல்லுது. பேங்க் பக்கத்துலயும் அதையே செஞ்சியா? செஞ்சிருந்தா இன்னைக்கே போன்லருந்து பாஸ்வேர்டை மாத்து.

பேட்டரி பேர் சிஆர்2032. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மீட்டர் இருந்தா பழசை அளந்து பார், 2.7-க்குக் கீழே காட்டினா தூக்கிப் போட வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனைப் பத்து செகண்டு அழுத்திப் பிடி, அப்புறம் மூடியைக் கழட்டு. பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு தகட்டு நாக்கு இருக்கும், அதை வெளிப்பக்கம் தள்ளினா பேட்டரி தானே எம்பும். புதுசைப் போடறப்ப பிளஸ் குறி உன்னைப் பாத்து இருக்கணும். ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோல் ஆக்காதே, அந்த நாக்கு உடைஞ்சா போர்டே போச்சு.

முதல் தடவை ஏத்தும்போது செக்சம் தப்புன்னு ஆங்கிலத்துல ஒரு வரி வந்து நிக்கும். பயோஸ்னு, விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற அமைப்புப் பக்கத்துக்குள்ளே போய்த் தேதி, நேரத்தை மட்டும் சரி பண்ணிட்டு சேவ் போட்டு வெளியே வா. பையன் யூடியூப் பாத்துட்டு, "மாமா, சாட்டான்ற இடத்துல ஐடிஇ இருக்கு, ஏஎச்சிஐ ஆக்கினா வேகமா ஓடும்"பான். அது கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கோட பேசற முறை, தொடவே கூடாது. விண்டோஸ் 7, தன்னை எந்த முறையில இன்ஸ்டால் பண்ணாங்களோ அதுக்கான டிரைவர்ன்ற இயக்கு புரோகிராமைத்தான் ஏறும்போது எழுப்பும். மாத்தினா நீலத்திரை வரும், உடனே "பாத்தீங்களா, ஃபார்மட்தான் வழி"ன்னு ஆரம்பிச்சிடுவான்.

இன்டர்நெட்லருந்தே நேரத்தை எடுத்துக்கட்டும்னு விட முடியாதான்னு கேப்பே. பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா விண்டோஸ் அதைத் தானாத் திருத்தாது. கையால கிட்டத்துல கொண்டுவந்து விட்டாத்தான் மிச்சத்தை அது பாத்துக்கும். நேர மண்டலம் சென்னை, கொல்கத்தான்னு இருக்கா, அதையும் ஒரு தடவை பாத்துடு.

தேதி சரியானதும் முக்கால்வாசித் தளம் திறந்துடும். மீதிக்குக் காரணம் வயசு. உன் மெஷின்ல ஏறக்கூடிய கடைசி குரோம் 109-தான், 2023 பிப்ரவரியில 110 வந்ததோட விண்டோஸ் 7-க்கு அவங்க கடையைச் சாத்திட்டாங்க. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே கைகழுவிடுச்சு. குரோம் அப்டேட் ஆகலேன்னு பத்துத் தடவை அழுத்தறது வீண். ஃபயர்ஃபாக்ஸ்ல 115 இஎஸ்ஆர்னு ஒரு வரிசை இருக்கு, அதுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் அப்புறமும் வந்துச்சு, அதைப் போடு. 115.13-க்குக் குறைஞ்சது வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸுக்குள்ள இருக்கிற ஒரு மூலச் சான்றிதழ், அதாவது மத்த சான்றிதழுக்கெல்லாம் ஆதாரமா நிக்கிறது, 2025 மார்ச் 14-ஓட காலாவதி ஆயிடுச்சு. பழைய பதிப்புல விளம்பரத் தடுப்பான் மாதிரி ஆட்-ஆன் எல்லாம் செத்துப்போகும்.

ஃபயர்ஃபாக்ஸைச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. லெட்ஸ் என்க்ரிப்ட்னு இலவசமா சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு, அதை நம்பித்தான் ஏகப்பட்ட சின்னத் தளங்கள் ஓடுது. அவங்க சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல முடிஞ்சுபோச்சு. பழைய குரோம், விண்டோஸ் வச்சிருக்கிற மூலச் சான்றிதழ் பட்டியலை நம்பி இருந்துது. அப்டேட் வாங்காத விண்டோஸ்ல புதுசு இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே மூட்டை கட்டிக்கிட்டு வரும். ஒரே தளம் ஒண்ணுல திறந்து இன்னொண்ணுல அடம் பிடிச்சா அங்கதான் விஷயம்.

எது வந்தாலும் பேங்க் வேலை, ஆதார் வேலை அந்த மெஷின்ல வேண்டாம். இதுல விவாதமே இல்லை.

அடுத்து, மூணாவது போட்டோ. பிராக்ஸி சர்வர் பதில் சொல்லலேன்னு வருதே, அது வேற கதை. இலவசமா வீடியோ இறக்கித் தர்றேன்னு எதையோ போட்டு, அப்புறம் யாரோ தூக்கியிருக்கீங்க. அந்த மாதிரி சாமான் சிலது, உன் பிரவுசர் பேசறதெல்லாம் தன் வழியாப் போகணும்னு விண்டோஸ்ல எழுதி வச்சிடும். அதைத் தூக்கினாலும் எழுதினது அப்படியே கிடக்கும். பிரவுசர் ஆளில்லாத வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கினு கிடக்குது. கண்ட்ரோல் பேனல், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்‌ஷன்ஸ், கீழே லேன் செட்டிங்ஸ். அங்க பிராக்ஸி கட்டத்துல டிக் இருக்கும், பக்கத்துல 127.0.0.1-ன்னு உன் கம்ப்யூட்டரோட சொந்த விலாசமே இருக்கும். டிக்கை எடு. திரும்ப வந்தா அந்தச் சாமான் இன்னும் உசிரோட இருக்குன்னு அர்த்தம், தானா ஓடற வேலைகளைக் குறிச்சு வைக்கிற டாஸ்க் ஷெட்யூலர்ல தேடணும்.

பிரவுசரைத் திறந்ததும் ஏதோ சீட்டாட்டப் பக்கம் வருதுன்னு சொன்னியே, டெஸ்க்டாப்ல இருக்கிற குறுக்குவழி மேல வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட் வரியைக் கடைசி வரைக்கும் நகத்திப் பார். குரோம் டாட் இஎக்ஸ்இ-ன்னு முடிஞ்சு மேற்கோள் குறியோட நிக்கணும். அதுக்கப்புறம் ஒரு தள முகவரி ஒட்டிக்கிட்டிருந்தா அதை மட்டும் அழி. பிரவுசர் மூடியிருக்கும்போதும் மூலையில எட்டிப் பாக்கிற விளம்பரம் வைரஸ்னு பயந்துடாதே, நோட்டிஃபிகேஷனுக்கு நீயே "அலோ" கொடுத்ததுதான். செட்டிங்ஸ்ல அந்தப் பட்டியலைக் காலி பண்ணு.

இப்ப குப்பை விஷயம். சி டிரைவ் சிவப்பா நிக்குது, 40 ஜிபியில அரை ஜிபி மிச்சம். இதுல எந்தப் பிரவுசரும் மூச்சு விடாது. அதுக்குன்னு ரெஜிஸ்ட்ரி கிளீனர், பூஸ்டர்னு எதையும் இறக்காதே, ரெஜிஸ்ட்ரின்றது விண்டோஸோட அமைப்புப் பதிவேடு, அதுல நாலு வரி குறைஞ்சா எந்தக் கம்ப்யூட்டரும் பறக்காது. ரன் பெட்டியில டெம்ப்னு ஆங்கிலத்துல அடிச்சு, ரெண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டு. வர்றதை எல்லாம் அழி. அழிய மாட்டேன்றதை விட்டுடு, ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடிச்சிருக்கு. அப்புறம் டிஸ்க் கிளீனப் ஓட விடு. உறக்க நிலைக்குன்னு ஒரு மறைவுக் கோப்பு, ரேம் அளவுல முக்கால் பங்கு இடத்தை டிஸ்க்ல பிடிச்சு வச்சிருக்கும், உன் 2 ஜிபிக்கு ஒண்ணரை ஜிபி. நீ அதைப் பயன்படுத்தறதே இல்லை. ஹைபர்நேஷனை அணைச்சா அந்த இடம் திரும்ப வந்துடும்.

விண்டோஸுக்குள்ள இன்ஸ்டாலர்னு ஒரு ஃபோல்டர், வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர், ரெண்டும் கொழுத்துக் கிடக்கும். கை வைக்கப்படாது. முதலாவது போனா ஆஃபீஸைத் தூக்கவும் முடியாது, ரிப்பேர் பண்ணவும் முடியாது. ரெண்டாவது விண்டோஸோட வயிறு. முன்னாடி இருந்த ஆன்டிவைரஸோட மிச்சத்தையும் ஃபோல்டரை அழிச்சு ஒழிக்கப் பாக்காதே. நெட்வொர்க்குக்கு நடுவுல உக்காந்திருக்கிற அதோட டிரைவர் அப்படியே நிக்கும், நெட்டு அடியோட நின்னுபோகும். செஞ்ச கம்பெனியே நீக்கறதுக்குன்னு ஒரு கருவி தரும், அத்தியாவசியமானது மட்டும் ஏறற சேஃப் மோடுல அதை ஓட்டு.

இது எல்லாத்தையும் செய்யறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குடா. அதுக்காகத்தான் இவ்வளவும்.

கூத்து வாத்தியார் சொல்லச் சொல்ல நீ அடிச்ச கூத்துப் பாட்டெல்லாம் அந்த மெஷின்லதானே இருக்கு? வேற எங்கேயாவது இருக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்லை. "டி டிரைவ்ல இருக்கு, ஃபார்மட்ல போகாது"ன்னு பையன் தைரியம் சொல்றானாம். டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி டிரைவ்லதான் இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா? நீ எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல கொட்டி வைக்கிற ஆள்னு எனக்குத் தெரியும்.

கோப்பை மட்டும் நகல் எடுத்தாப் பத்தாது. அதெல்லாம், எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு முறைக்கு முந்தின எழுத்துரு. பாமினியோ வானவில்லோ, எதுல அடிச்சேன்னு உனக்கே ஞாபகம் இருக்காது. கோப்புக்குள்ள உண்மையில இருக்கிறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், எழுத்துரு அதுக்குத் தமிழ் வேஷம் கட்டுது. சி டிரைவை அழிச்சா விண்டோஸுக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் போயிடும். அப்புறம் கோப்பு முழுசா இருக்கும், ஒரு வரி படிக்க முடியாது. அதனால அந்த ஃபோல்டர்ல இருக்கிற தமிழ் எழுத்துரு அத்தனையையும் கோப்புகளோட சேத்து நகல் எடு. வேர்டுல ஒரு வரி மேல கர்சரை வச்சா மேலே எழுத்துருப் பேர் தெரியும், அதை ஒரு தாள்ல எழுதி வை. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர்ல வச்சிருக்கிறதை வேற மெஷின்ல திறந்தா, இந்த எழுத்துரு இல்லை, மாத்து போடட்டுமான்னு கேக்கும். அங்க நிரந்தரம்னு கொடுத்து சேவ் பண்ணிடாதே.

வேர்டு 2010 இருக்குதானே? எல்லாத்தையும் பிடிஎஃபாவும் சேவ் பண்ணிடு, எழுத்துரு அதுக்குள்ளேயே போயிடும். என்ன ஆனாலும் படிக்கவாவது முடியும். யூனிகோடுக்கு மாத்தற வேலையை என்கிட்ட விடு, என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கு. அப்படியே மொத்தமாப் போட்டா நடுவுல வர்ற ஆங்கில வார்த்தை எல்லாம் தமிழ் உளறலா மாறிடும். பகுதி பகுதியாப் பிரிச்சுத்தான் மாத்தணும், அப்புறம் ஒக்காந்து திருத்தணும். வாத்தியார் ராகம், தாளம் குறிச்ச இடங்களை உன்னாலதான் சரிபார்க்க முடியும். நான் பாத்தா, கூத்துல வர்ற வாதப் பாட்டைத் "தர்க்கம்"னு குறிச்சிருக்கிறதை "தருமம்"னு திருத்தி வைப்பேன், அந்த ஆள் எழுந்து வந்து குடையால அடிப்பார்.

நகலை ரெண்டு இடத்துல வை. அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். நகல் எடுத்ததும் வேற கம்ப்யூட்டர்ல நாலு கோப்பைத் திறந்து பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. குரோம்ல சேமிச்ச பாஸ்வேர்டு, ஃபோல்டரை நகல் எடுத்தா வராது. அது உன் விண்டோஸ் கணக்கோட சேத்துப் பூட்டியிருக்கும். தனியா ஒரு நோட்டுல எழுதிக்கோ.

இவ்வளவுக்கும் அப்புறம் புதுசா ஏத்தணும்னு பையன் துடிச்சா, பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவே வேண்டாம். 240 ஜிபி எஸ்எஸ்டின்ற, சுத்தற தட்டு இல்லாத புது டிஸ்க் ஒண்ணு வாங்கு. பழசைக் கழட்டி, பேரெழுதி ஒட்டி, பீரோவுல வை. விண்டோஸ் 10 போடறேன்பான். அதுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சாதாரண ஆதரவு முடிஞ்சாச்சு, 2 ஜிபி ரேம்ல அது தவழும். விண்டோஸ் 11 உன் போர்டை ஏறெடுத்தும் பார்க்காது. டிடிஆர்3 ரேம் பழைய மார்க்கெட்ல கிடைக்கும், 4 ஜிபி ஆக்கிட்டு, விண்டோஸுக்குப் பதிலா ஓடற இலவச லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடட்டும். பிரவுசர் புதுசாவே இருக்கும். பேஜ்மேக்கர் ஓடாது, அதுக்குத்தான் பழைய டிஸ்க்கு.

மூடியைக் கழட்டும்போது பிராசஸர் மேல இருக்கிற ஃபேனையும் பார். பக்கத்து வீட்டுத் தறிப் பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். கத்திரி வெயில் வர்றதுக்குள்ள பிரஷ் போட்டு எடுத்துடு. ஃபேன் சுத்தாம ஒரு விரல் வச்சுப் பிடிச்சுக்கிட்டு ஊது. மத்தியானத்துல மட்டும் நெட்டு மெதுவாப் போகுதுன்னியே, பாதிக்காரணம் பஞ்சு அடைச்சு ஏறற சூடாவும் இருக்கலாம்.

எழுத்துருப் பேரை எழுதின தாளைப் போட்டோ எடுத்து சனிக்கிழமைக்குள்ள அனுப்பு. ஆம்பூர்க்காரன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே, புது லேப்டாப் விக்க வந்து நிப்பான்.

உன்
சத்துவாச்சாரியான்