சுவரில் எழுதிய பூச்சியமும் பலகையில் துடைத்த பெயரும்

திருகோணமலைக் கடற்கரையோரப் பயிற்சிக் கூடமொன்றின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாருக்கு,

போன ஞாயிறு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் உங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. வாசல் நிழலில் இரண்டு புள்ளிமான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன; திருகோணமலையில் அது யாரும் திரும்பிப் பார்க்கிற காட்சி இல்லை. உள்ளேதான் புதுமை. எதிர்ச்சுவர் முழுவதும் கூண்டுச் சண்டை வீரர் கபீப் நூர்மகமதோவ், தலையில் அந்த ஆட்டுரோமத் தொப்பியோடு. வரைந்தவருக்கு நல்ல கை. மல்யுத்தத்தில் நசுங்கிய காதைக்கூட விடவில்லை. படத்தின் கீழே ஒரு முழ உயரத்தில் 29–0: வெற்றி 29, தோல்வி பூச்சியம். பக்கத்தில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் பெயர்ப்பலகை. முன்பு பத்துப் பெயர் இருந்தது. இப்போது ஒன்பது. பத்தாவது இருந்த இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்த மங்கல்.

அந்தப் பெயருக்குரிய பையன் மட்டக்களப்பில் தன் முதற் போட்டியில் தோற்றுவிட்டு வந்தவன். தோற்றவர் பெயர் பலகையில் இருக்கக் கூடாது, தொடர்ந்து மூன்று வென்றால் மீண்டும் எழுதலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று அவனுடைய தாயார் கேட்டபோது உங்களில் ஒருவர் பதில் சொல்லாமல் சுவரைக் கையால் காட்டினாராம். சரி. நானும் சுவரைப் பற்றியே எழுதுகிறேன்.

என்னை உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. அந்தக் கட்டடம் மீன்வலை அடுக்கிவைக்கும் கொட்டிலாக இருந்த காலத்தில், வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கராத்தே பழக்கியவன் நான். மழை நாளில் ஒழுகாத மூலையில் மட்டும் பயிற்சி நடக்கும். இப்போது உங்களிடம் மெத்தை விரிப்பும் மின்விசிறியும் இருக்கின்றன. பொறாமைதான், மறைக்கவில்லை.

சுவருக்கு யாரை வரைவது என்று வாக்கெடுப்பு நடத்தினீர்களாம். கபீபா, கனடாக்காரர் ஜோர்ஜ் சென் பியரா? பதினொன்றுக்கு இரண்டு. என்னைக் கேட்டிருந்தால் பதினொன்றுக்கு மூன்று ஆகியிருக்கும், முடிவு மாறியிருக்காது. கபீப் வென்றதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 2018 ஒக்டோபர் 7, ஞாயிறு காலை, கிண்ணியாவில் ஒரு தேநீர்க் கடையில் சீனிப் பேணியில் சாய்த்துவைத்த கைபேசியில் அவரும் கொனர் மக்கிரெகரும் மோதியதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். கடைக்காரர் இரண்டு மணி நேரம் யாருக்கும் தேநீர் ஊற்றவில்லை. நான்காம் சுற்றில் கபீப் கழுத்தை நெருக்கி, தோல்வியை ஒப்புக்கொண்டு மக்கிரெகரைக் கையால் தட்ட வைத்தபோது தெருவிலிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். அதன்பின் அவர் கூண்டைத் தாண்டிக் குதித்து மற்ற அணிக்காரர்மீது பாய்ந்ததற்கு ஒன்பது மாதத் தடையும் 5 இலட்சம் டொலர் அபராதமும் வந்தன. தந்தையையும் மதத்தையும் பழித்தால் யாருக்கும் இரத்தம் கொதிக்கும்தான். ஆனாலும் அன்று கடையில் அதுவரை கூச்சலிட்ட பெரியவர்கள் அந்த இடத்தில் அமைதியானார்கள். அதையும் பார்த்தேன்.

அவருடைய ஆட்டத்தில் ஒளிவுமறைவே கிடையாது. வருவார், பிடிப்பார், கூண்டின் ஓரத்தில் இருத்துவார், கால்களைத் தன் கால்களால் பின்னிக் கட்டுவார், எழும்ப முயலும் கையை இழுத்துவிடுவார். எதிராளிக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. 2013இல் ஏபல் துருஹியோவை ஒரே ஆட்டத்தில் 21 தடவை தரையில் வீழ்த்தினார். 2014இல் அவரிடம் மூன்று சுற்றும் அடிவாங்கிய ரஃபாயெல் தொஸ் அன்ஜோஸ் மறு வருடமே உலகப் பட்டம் வென்றார். ஒரே இரவு, ஒரே எடை, கபீப், சென் பியர் இருவருமே உச்சத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நானும் கபீப் பக்கமே பந்தயம் கட்டுவேன். அந்த மோதலை இருவருமே விரும்பினார்கள், நடக்கவில்லை. 2019இல் சென் பியர் ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஆனால் நீங்கள் சுவரில் எழுதியது அந்த ஆட்டத்தை இல்லை, எண்ணை. எண் என்றால் கணக்குப் பார்க்கலாம். 29 வெற்றிகளில் 16, யூ.எஃப்.சி. என்ற பெரிய கூண்டுச் சண்டை அமைப்புக்கு வருவதற்கு முந்தியவை. யூ.எஃப்.சி.க்குள் 13. அவற்றில் பட்டத்துக்கான மோதல்கள் நான்கு: 2018இல் காலியாக இருந்த பட்டத்தை வென்றது ஒன்று, காத்தது மூன்று. சென் பியரின் கணக்கு 26–2. யூ.எஃப்.சி.க்குள் 20 வெற்றி. பட்டத்துக்கான மோதல்களில் மட்டும் 13 வெற்றி, ஒன்பது தடவை தொடர்ந்து பட்டத்தைக் காத்தார். அதாவது கபீபின் யூ.எஃப்.சி. வாழ்க்கை முழுவதும் எத்தனை வெற்றியோ, சென் பியருக்குப் பட்ட மோதல்களிலேயே அத்தனை. இதைச் சொன்னால் உங்கள் செயலாளர் "அந்த இரண்டு?" என்று கேட்பார். கேட்கட்டும். அந்த இரண்டுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் தோல்வி 2004இல். எதிரே மாட் ஹியூஸ், சென் பியர் அண்ணாந்து பார்த்து வளர்ந்த சம்பியன். மோதலுக்கு முன் முகத்துக்கு முகம் நிற்கும்போது அவரின் கண்ணைப் பார்க்கவே இவரால் முடியவில்லை. முதற் சுற்று முடிய ஒரு விநாடி இருக்கும்போது கைப்பூட்டில் மாட்டித் தட்டிவிட்டார். ஒரு விநாடி பொறுத்திருந்தால் மணி அடித்திருக்கும். இரண்டு வருடம் கழித்து அதே ஹியூஸை வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார்.

இரண்டாவதுதான் பெரிய அடி. 2007 ஏப்ரல் 7, ஹூஸ்டன். எதிரே மாட் செரா, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்று வாய்ப்புப் பெற்றவர். பந்தயக்காரர் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. முதற் சுற்றிலேயே குத்துவாங்கித் தள்ளாடி, சென் பியர் விழுந்தார். அந்த நாட்களில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, பாதை என்கிற மிதவையில்தான் கடக்க வேண்டும். எங்களுக்கு இந்த மோதல் பற்றிய செய்தி கிடைத்ததே பல மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த சீடியில். அந்த முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலித்த முகமாக இல்லை. எங்கே நிற்கிறேன் என்று தெரியாத முகம். மட்டக்களப்பிலிருந்து திரும்பிய உங்கள் பையனைப் பஸ் நிலையத்தில் கண்டபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

சென் பியர் அதன்பிறகு என்ன செய்தார் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு உளவியல் ஆலோசகரின் யோசனைப்படி செங்கல் ஒன்றில் செராவின் பெயரை எழுதினார். பாரம் அலுத்துப்போகும்வரை சுமந்துவிட்டு ஆற்றில் எறிந்தார். (நம்மிடம் கடலே இருக்கிறது. ஆனால் யாரும் செங்கல் எறிய வேண்டாம், வலைக்காரர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள்.) பிறகு நேரே செராவிடம் போகவில்லை. 2007 ஓகஸ்டில் ஜோஷ் கொஸ்செக். அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தச் சம்பியன் அவர். சென் பியரோ ஏழு வயதில் கியோகுஷின் கராத்தே தொடங்கியவர். பள்ளிக்கூட மல்யுத்தம் பழகியவரே இல்லை. மொன்றியலில் தேசிய அணி மல்யுத்த வீரர்களிடம் போய் நின்று தரையில் மோதப் பழகியவர். அப்படிப் பழகியதை வைத்துக் கொஸ்செக்கையே தரையில் சாய்த்தார். டிசம்பரில் ஹியூஸை மூன்றாம் முறை சந்தித்து, 2004இல் எந்தக் கைப்பூட்டில் தட்டினாரோ அதே பூட்டில் அவரைப் பணிய வைத்தார். 2008 ஏப்ரலில் மொன்றியலில், சொந்த மக்கள் முன்னால், செரா. இரண்டாம் சுற்றில் விலாவில் முழங்கால் இடிகள். முடிந்தது.

அதற்குப்பின் அவருடைய எல்லாச் சண்டைகளையும் நான் கொண்டாடினேன் என்று நினைக்க வேண்டாம். 2009 நடுப்பகுதியிலிருந்து 2013 வரை ஏழு மோதல்கள், ஏழும் புள்ளிக் கணக்கில் முடிந்தவை. சிலவற்றை நான் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். கடைசியாக ஜோனி ஹென்ட்றிக்ஸோடு மோதியதில் நடுவர்கள் பிரிந்து கொடுத்த தீர்ப்பை இன்றும் பலர் ஏற்பதில்லை. நானும் அரைமனதோடுதான் ஏற்கிறேன். செராவின் அந்தக் குத்து அவரை எச்சரிக்கைக்காரராக்கிவிட்டது என்பது என் எண்ணம். தோல்விக்கும் விலை உண்டு. ஆனால் ஹென்ட்றிக்ஸ் மோதலுக்கு முன் தானாகவே கூடுதல் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். அதன்பின் பட்டத்தை விட்டுவிட்டு நான்கு வருடம் ஒதுங்கியிருந்து, 2017 நவம்பரில் ஒரு எடைப்பிரிவு மேலே ஏறி, மைக்கல் பிஸ்பிங்கை மூன்றாம் சுற்றில் கழுத்துப் பூட்டில் மயங்க வைத்தார். குடல்நோயால் அந்தப் பட்டத்தையும் ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே பின்வருகிறவர்களுக்கு விட்டுச்சென்றது என்ன என்று பார்த்தால் என் வாக்கு சென் பியருக்கே. ஒரு பிள்ளை கூடத்துக்குள் வந்து "நான் தோற்றுவிட்டேன், இப்போது என்ன செய்வது?" என்று கேட்டால் எடுத்துக்காட்ட அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது, மாதத்தோடும் வருடத்தோடும். கபீபின் கூண்டு வாழ்க்கையில் அந்தக் கேள்வியே எழவில்லை. அது அவர் குற்றம் இல்லை.

இனிக் கபீப் பக்கமே வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அவரையும் சரியாக வரையவில்லை என்று சொல்லப் போகிறேன். 2020 ஜூலையில் அவர் தந்தை அப்துல்மனாப் காலமானார். மகனின் பயிற்சியாளரும் அவரே. மகன் 30–0 என்று முடிக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஒக்டோபரில் ஜஸ்டின் கேத்ஜியை இரண்டாம் சுற்றில் வென்றதும் கபீப் கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவில் வைத்தார். தந்தை இல்லாமல் இனி மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். 30க்கு ஒன்று குறைவு. எண்ணைக் கும்பிடுகிற மனிதர் அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார்.

அந்தத் தந்தை ரஷ்யாவின் தாகெஸ்தானில் கட்டியெழுப்பிய பயிற்சியில் வளர்ந்த இன்னொருவர் இஸ்லாம் மகச்சேவ். 2022 ஒக்டோபரில் அபுதாபியில் சார்ள்ஸ் ஒலிவெய்ராவை வென்று, கபீப் விட்டுச்சென்ற அதே எடையின் பட்டத்தை எடுத்தவர். அன்று அவர் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் கபீப். உங்கள் கைபேசிகளில் இருவரும் சேர்ந்திருக்கும் படம் இருக்கும், பாருங்கள். அந்த மகச்சேவ் 2015 ஒக்டோபரில், யூ.எஃப்.சி.யில் தன் இரண்டாவது மோதலில், அட்ரியானோ மார்ட்டின்ஸ் என்ற பிரேசில்காரரிடம் இரண்டு நிமிடம்கூட நிற்காமல் மயங்கி விழுந்தார். ஊர் ஹூஸ்டன். சென் பியர் செராவிடம் விழுந்த அதே அரங்கம்.

மகச்சேவின் பெயரை யாரும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கவில்லை. மறுபடி பயிற்சிக்கு விட்டார்கள். ஏழு வருடத்தில் பட்டம்.

உங்கள் தீர்மானத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல காதை எந்தக் கை மறுபடி வரையும்? அந்த எண்ணும் இருந்துவிட்டுப் போகட்டும். பலகையில் பத்தாவது பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன் இரண்டு வாரமாக மாலையில் கூடத்துக்கு வராமல் டச்சுபே கடற்கரையில் தனியே ஓடுகிறான் என்று கேள்விப்பட்டேன். ஓட்டம் நல்லது, ஆனால் கைப்பூட்டிலிருந்து கழற்றிக்கொள்ளக் கடற்கரை மணல் பழக்காது. அதற்கு இன்னோர் ஆள் வேண்டும்.

வெள்ளை பெயின்ட் என்னிடம் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை நான்கு மணிக்குத் தூரிகையோடு வருகிறேன். போன தடவை ஒருவனின் பெயரில் றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டிருக்கிறீர்கள், அதையும் திருத்திவிடலாம். என் முழங்கால் முன்போல் இல்லை. யாராவது ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கராத்தே மாஸ்டர்